பார்லர் அக்காவின் பின்வாசல்

பார்லர் அக்காவை எங்கள் சபையில் யாரும் முழுதாக நம்பியதில்லை. ஊர்ப் பெண்களின் புருவங்களையெல்லாம் திருத்துகிறவர், தன் முகத்துக்குப் பவுடர்கூடப் போடமாட்டார். "தன் சமையலைத் தானே சாப்பிடாதவ கடையில நாம எப்படிச் சாப்பிடறது?" என்று பாடகர் குழுத் தலைவி கேட்டது பெஞ்சு பெஞ்சாகப் பரவியிருந்தது.

மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் ஒற்றை அறைதான் கடை. சுழல் நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, துண்டு காயும் கொடி. நாலு பெண்கள் பிறந்த வீட்டில் நிறம் குறைந்தவர் இவர். குடும்பப் புகைப்படத்தில் ஓரமாக நிறுத்தப்பட்டு, பாதித் தோள் வெட்டுப்பட்டவர். தன் முகத்தைச் சரிசெய்யத்தான் இந்தத் தொழில் கற்கப் போனாராம். முகம் மாறவில்லை, தொழில் கைக்கு வந்துவிட்டது.

வளரும் பெண்களுக்கான ஞாயிறு வகுப்பைப் போதகர் இவரிடம் ஒப்படைத்தபோது சிரிக்காதவர்கள் குறைவு. "கண்ணாடி முன்னால உக்காரவச்சு உள்ளழகு சொல்லித் தரப்போறாளாம்!" வகுப்பும் சபை மண்டபத்தில் இல்லை, பார்லரில். ஆராதனை முடிந்ததும் பெண்கள் உள்ளே போவார்கள், கதவு சாத்திக்கொள்ளும்.

என் தங்கையும் போனாள். பதினைந்து வயது, முகம் நிறையப் பரு. துப்பட்டாவால் கன்னத்தை மூடாமல் தெருவில் இறங்கமாட்டாள். "என்னம்மா, மூஞ்சில நல்ல விளைச்சலா?" என்று சித்தப்பா விளையாட்டாகக் கேட்ட அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

சில வாரங்களில் அம்மா மோப்பம் பிடித்துவிட்டார். வகுப்பிலிருந்து வந்தவளின் கை மணத்தது. விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது.

"என்னடி செஞ்சீங்க?"

"வகுப்புதான்மா."

"வகுப்புல விரல் ஊறுமா?"

அவள் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு, பிள்ளைங்கள வச்சு ஓசியில வேலை வாங்கறா. இல்ல, க்ரீமை இது தலையில கட்டப் போறா. இந்த மூஞ்சிக்கு எவ எதக் குடுத்தாலும் வாங்கிப் பூசிக்குமே!" என்றார் அம்மா. இரண்டாவது சந்தேகம் எனக்கும் இருந்தது. வேதியியல் படித்தவன், அந்த டப்பாக்களில் எதையெல்லாம் கலக்கிறார்கள் என்று தெரியும்.

சபைக் கமிட்டியில் வகுப்பை நிறுத்திவிடலாம் என்றார்கள். தாய்மாரில் யாராவது பார்த்துவந்து சொல்லட்டும் என்றார் போதகர். அம்மா எழுந்தார். எங்கள் பரம்பரையில் முதல் பட்டதாரி நான் என்பதால், விசாரணை என்றால் என்னையும் கூட்டிப்போவார்.

அடுத்த ஞாயிறு பார்லர் கதவைத் தட்டினோம். திறக்கவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி மேல் போர்வை தொங்கியது. உள்ளே ஒருவரும் இல்லை.

"உள்ள போனதுங்க எங்கடா?" அம்மா கதவைப் பிடித்து உலுக்கினார்.

சுற்றி ஓடினால் பின்வாசல் திறந்து கிடந்தது. சந்து முனையில் வாளியும் துண்டுமாகப் பெண்கள். முன்னால் பார்லர் அக்கா. கிராமத்தில் வழிதவறிய ஆட்டைத் தேடிப் பழகிய கால் எனக்கு. சத்தமில்லாமல் பின்தொடர்ந்தோம். மருத்துவமனைக்குள், பெண்கள் வார்டின் கோடிவரை போனார்கள்.

இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு ஒரு பெண் குழாயடியில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். என் தங்கை அவள் கூந்தலில் நுரை தேய்த்துக்கொண்டிருந்தாள். துப்பட்டா இடுப்பில் இறுகியிருந்தது. முகம் வெளிச்சத்தில் இருந்தது.

மாவுக்கட்டுக்காரி அவளை அண்ணாந்து பார்த்தாள். "என்ன பாப்பா, மூஞ்சில தக்காளி விதை கொட்டிடுச்சா?"

அம்மா என் கையை இறுக்கினார். இனி அழுகைதான் என்று நினைத்தேன்.

"கொட்டலக்கா, நட்டு வச்சிருக்கேன். கண்ண மூடுங்க, நுரை போயிடும்."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பார்லர் அக்கா எங்களைக் கண்டதும் பதறி வந்தார்.

"இத முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க ஏன் சந்தேகப்படறோம்?" அம்மா சீறினார்.

"சொன்னா நாலு பேரு புகழுவாங்கம்மா. அப்புறம் இதுகளுக்கு அதுவும் ஒரு மேக்கப்பா ஆயிடும். யாரும் பாக்காதப்ப நாம எப்படியோ, ஆண்டவர் கண்ணுக்கு நம்ம முகமே அதுதானே?"

"கண்ணாடிய ஏன் மூடி வச்சிருக்கீங்க?" என்றேன் நான்.

"ஜெபம் பண்ணும்போது ஒரு கண்ணு அதுலயே இருக்கு தம்பி. பிள்ளைங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும்தான்."

அம்மா அப்போதும் விடவில்லை. ஷாம்பு புட்டியை முகர்ந்தார். லேபிளை என்னிடம் நீட்டினார். சாதாரண ஷாம்புதான்.

கமிட்டி கூடியது. "வகுப்பு நடக்கட்டும். நான் பொறுப்பு," என்றார் அம்மா.

"அங்க என்னதான் பாத்தீங்க?" என்றார்கள் கமிட்டியில்.

அம்மா சொல்லவில்லை.

"ஓசியில ஃபேஷியல் ஆச்சு போல!" என்றார் பாடகர் குழுத் தலைவி. மண்டபமே சிரித்தது.

ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுக்கிறவர் அம்மா. வாயையும் திறந்துவிட்டார். வாசலோரம் நின்ற தங்கையின் கண் அவர் மேல் இருந்தது. அம்மா வாயை மூடி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போதகர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வகுப்பு தொடரும் என்றார்.

இப்போதெல்லாம் ஞாயிறு மாலை அம்மாவின் விரலும் ஊறிச் சுருங்கியிருக்கிறது. பாடகர் குழுத் தலைவிக்கு ஏற்கெனவே மூக்கில் வியர்த்துவிட்டது.