கோப்பை யார் மடியில்

எங்கள் குவார்ட்டர்ஸ் கூடத்தில் ஒரு பழைய குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது. மகளிர் மன்றத்து த்ரோபால் அணி வெளியூர் அணியை ஜெயித்துக் கோப்பை வாங்கிய மறுநாள் எடுத்த படம். முன்வரிசையில் குஷன் நாற்காலிகள். அவற்றில் பட்டுப்புடவைப் பெண்மணிகள் கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இருப்பவரின் மடியில் கோப்பை. அவர்களுக்குப் பின்னால் ஒரு வரிசை நிற்கிறது, அதற்கும் பின்னால் இன்னொரு வரிசை. அந்தக் கடைசி வரிசையில் ஓரமாக ஒரு வகிடும் நெற்றியும் இரண்டு கண்களும் தெரியும். மூக்கிலிருந்து கீழே முன்னால் நிற்பவரின் தோள் மறைத்துவிட்டது. அதுதான் என் அம்மா. அடியில் அச்சடித்த வரிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் கணவரின் பதவியோடு பெயர் இருக்கிறது. நிற்பவர்களுக்கு "மற்றும் உறுப்பினர்கள்" என்ற இரண்டே சொற்கள். வீட்டுக்கு வருகிறவர்கள், "இதுல உங்கம்மா எங்கங்க?" என்பார்கள். நான் அந்த நெற்றியின் மேல் விரலை வைப்பேன். "ஓ, பின்னாடி நிக்கறாங்களா" என்பார்கள். பின்னாடி நிற்பவள்தான் அந்த அணியின் கேப்டன் என்று சொல்லும்போது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா காடாம்புலியூர்க்காரி. முந்திரித் தோப்பில் நுழையும் ஆடு மாடுகளை மண்ணாங்கட்டி எறிந்து விரட்டி வளர்ந்த கை அவளுடையது. அப்பா சுரங்கத்தில் ஹெல்ப்பர். அவரைக் கட்டிக்கொண்டு டவுன்ஷிப்புக்கு வந்தபோது த்ரோபால் என்ற ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் ரேஷன் வாங்கிக்கொண்டு மைதானத்து ஓரமாக நடந்து வந்தவளின் காலடியில் பந்து உருண்டு வந்திருக்கிறது. பையைக் கீழே வைத்துவிட்டு எடுத்து எறிந்தாள். பந்து ஆடிக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலே போய் அந்தப் பக்கத்து வேலியில் விழுந்தது. அணிக்குப் பழக்கிக்கொண்டிருந்த பி.டி. டீச்சர் அப்போதே வந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாயங்காலச் சோறு கொஞ்சம் தாமதமாகத்தான் வெந்தது. புடவையை வரிந்து செருகிக்கொண்டு அம்மா மைதானத்தில் நிற்பாள். வீட்டில் குரலே எழும்பாதவள், அங்கே கோர்ட்டுக்கே கேட்கும்படி அதட்டுவாள். "பந்த பாத்துகினு நிக்காதடீ, அவ கண்ண பாரு, எங்க காலியோ அங்க எறி" என்பாள். அவளைவிடப் பெரிய வீட்டுப் பெண்களும் அந்த அதட்டலுக்கு அடங்கித்தான் ஆடினார்கள். அவளைக் கேப்டனாக்கியதும் அவர்கள்தான்.

போட்டியன்று மன்றத்தின் தலைவி வந்து சேர்ந்தபோது கடைசி ஆட்டம் பாதி முடிந்திருந்தது. பெரிய அதிகாரியின் மனைவி என்பதால் அவர் தலைவி. வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. பந்தலுக்கடியில் உட்கார்ந்து போண்டாவை எடுத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம சைடு எது?" என்று கேட்டார். நான் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன், என் காதால் கேட்டேன். அம்மா எறிந்த கடைசி சர்வீஸ் எதிர் அணியின் மூலையில் யார் கைக்கும் எட்டாமல் விழுந்தது. எல்லோரும் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். அன்றிரவு கோப்பை எங்கள் வீட்டு அரிசி டின்னின் மேல் இருந்தது. பிளாக்கில் இருந்த அத்தனை பேரும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். காலையில் அம்மா அதைத் துணியால் பளபளவென்று துடைத்து, இஸ்திரி போட்ட புடவையோடு, போட்டோவுக்குத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போனாள்.

அங்கே போனால் அதிகாரிகள் கிளப்பிலிருந்து நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. மன்றத்தின் செயலாளர் முதல் வேலையாக அந்தக் கோப்பையை அம்மாவின் கையிலிருந்து வாங்கித் தலைவியின் மடியில் வைத்தார். பிறகு ஒவ்வொருவரிடமும், "உங்க வீட்டுக்காரர் எந்த கிரேடு?" என்று கேட்டுக் கேட்டு உட்கார வைத்தார். பந்து எப்படி எறிந்தாய் என்று கேட்கவில்லை, ஆடினாயா என்றுகூடக் கேட்கவில்லை. கிரேடு. ஒரே கிரேடில் இரண்டு பேரின் மனைவிமார் வந்துவிட்டார்கள். தலைவிக்குப் பக்கத்து நாற்காலி யாருக்கு என்று தகராறு. யார் வீட்டுக்காரர் முதலில் வேலைக்குச் சேர்ந்தார் என்று தெரிந்துகொள்ள ஆபீசுக்குப் போன் போட்டார்கள். இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. ஜெயித்தவர்கள் வெயிலில் நிற்க, ஜெயிக்காதவர்களின் புருஷன்மாருடைய சீனியாரிட்டியை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்ப்பரின் மனைவிக்குக் கடைசி வரிசைதான் மிச்சம். அம்மா குள்ளம் வேறு.

பண்ருட்டியிலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் கேமராவுக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கடைசியில நிக்கற அம்மா மூஞ்சி தெரியலீங்க. முன்னாடி வரச் சொல்லுங்களேன்" என்றார். செயலாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பரவாயில்ல, எடுங்க" என்றார்.

பரவாயில்லையாம். யாருக்குப் பரவாயில்லை? முகம் இவருடையதா, மறைந்தால் மறையட்டும் என்று விட்டுக்கொடுக்க? வீட்டுக்கு வந்ததும் அப்பா, "விட்டுடு, எம் ப்ரமோஷன் பேப்பர் அந்தம்மா வூட்டுக்காரர் மேஜையிலதான் இருக்குது" என்றார். அம்மா புடவையை மாற்றிக்கொண்டு உலை வைத்தாள். படம் வந்தபோது பிரித்துப் பார்த்துவிட்டு இரும்புப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் போட்டாள். அதற்கப்புறம் அவள் மைதானத்துப் பக்கம் போகவே இல்லை. டீச்சர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். "வூட்ல வேல கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டாள். நல்ல ஆட்டக்காரி ஒருத்தியை ஒரு நாற்காலி வரிசை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஊரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

நான் படித்து அதே டவுன்ஷிப்பில் அதிகாரியானேன். அப்பா போன பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள். பெட்டியை ஒழித்தபோதுதான் அந்தப் படம் கிடைத்தது. பிரேம் போட்டு மாட்டினேன். அம்மா அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

போன வருஷம் மகளிர் த்ரோபால் போட்டிக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். பரிசு கொடுத்து முடித்ததும் குரூப் போட்டோ. அதே மாதிரி குஷன் நாற்காலிகள். என்னை நடுவில் உட்கார வைத்து மடியில் கோப்பையை வைத்தார்கள். அணியின் கேப்டன் கேன்டீனில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும், பக்கத்து வடக்குத்து கிராமத்துப் பெண். அவள் எங்கே என்று திரும்பிப் பார்த்தால் கடைசி வரிசையில் நிற்கிறாள். "பின்னாடி ஒருத்தங்க தெரியல மேடம்" என்றான் கேமராவோடு நின்ற பையன். "பரவாயில்ல தம்பி, எடு" என்றார் இப்போதைய செயலாளர். என் மடியில் இருந்தது அம்மா துடைத்துக்கொண்டு போன கோப்பை மாதிரியே இருந்தது. எழுந்தேன். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்து, கோப்பையை அவள் மடியில் கொடுத்துவிட்டு, அவள் நின்ற இடத்தில் போய் நின்றேன். முன்வரிசையில் நாலைந்து முகங்கள் சுண்டிப்போயின. பெரிதாக ஏதோ சாதித்துவிட்ட நினைப்பு எனக்கு.

அந்தப் படத்தையும் பிரேம் போட்டுப் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நான் பாராட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ எங்கடீ?"

கடைசி வரிசையில் என் நெற்றியைக் காட்டினேன். நானும் குள்ளம்தான்.

"நான் நின்ன எடத்துல நீயும் போய் நிக்கறதுக்கா உன்ன படிக்க வச்சேன்? பந்து எறிஞ்சதுங்க மீதி எல்லாம் பின்னாடிதான நின்னுகினு இருக்குதுங்க. ஒரு நாற்காலிய குடுத்துட்டு வந்துட்ட. நாற்காலியே என்னாத்துக்குன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அதற்குப் பிறகு மன்றத்துக் கூட்டத்தில் கேட்டேன். அடுத்த முறை நாற்காலியே வேண்டாம், ஆடியவர்கள் முன்னால் நிற்கட்டும், மற்றவர்கள் வேண்டுமானால் பின்னால் நிற்கட்டும் என்றேன். "பாக்கலாம் மேடம்" என்று சிரித்த முகமாகச் சொன்னார்கள். இந்த வருஷம் என்னைக் கூப்பிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. காலையில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு சின்ன வண்டி எங்கள் தெரு வழியாக மைதானத்துக்குப் போனது. குஷன் நாற்காலிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். உள்ளே வந்து ஆத்திரம் தாங்காமல் அம்மாவிடம் சொன்னேன். இவர்களுக்கு எந்தக் காலத்திலும் புத்தி வராது என்று கத்தினேன். அம்மா எழுந்து போய் அந்தப் பழைய படத்துக்கு முன்னால் நின்று, நன்றாக அண்ணாந்து, தன் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"செருப்ப எடு. போலாம்."

"எங்கம்மா? நமக்குத்தான் அழைப்பே வரலையே."

"கேப்டனுக்கு என்னாத்துக்குடீ அழைப்பு" என்று சொல்லிக்கொண்டே அவள் படி இறங்கிவிட்டாள்.