முதலைக் குளத்துச் சுவர்க்காரர்

"இறக்குங்கம்மா, பாப்பாவை இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் என் கடையைத் தாண்டிப் போகிறார். முதலைக் குளத்தைச் சுற்றி இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு. அதன்மேல் பிள்ளையை உட்கார வைத்துப் படம் எடுக்காவிட்டால், விடுமுறைக்கு வந்தவர்களுக்குத் தூக்கம் வராது. அப்படி உட்கார வைப்பவர்களைத் தடுப்பதுதான் அவர் வேலை. பூங்காவின் பதிவேட்டில் அவர் காவலாளி, எங்களுக்குச் சுவர்க்காரர். எதிரே தொப்பி விற்கும் நான், பதினோரு வருடமாக அவரைப் பார்த்துப் பார்த்தே பாதி நரைத்துவிட்டேன்.

"நல்லாப் பிடிச்சிருக்கோம்ல" என்பார்கள். "எல்லாரும் நல்லாத்தான் பிடிச்சிருப்பாங்க" என்பார் அவர். அந்தக் குரலில் கோபம் இருந்தால்கூடத் தேவலை. வெறும் கெஞ்சல். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஓர் அதட்டல் போடுங்களேன் ஐயா என்று நூறு தடவை சொல்லியாயிற்று. அதட்டினால் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடுவார்களாம்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டு டப்பாவைச் சுவர்மேல் வைத்து, குளத்தைப் பார்த்தபடி நின்றே சாப்பிடுவார். பேச்சுக் கொடுத்தால் பதில் வரும், முகம் திரும்பாது. ஒருமுறை இங்கே வந்த அவர் மனைவி, வீட்டிலும் இதே கூத்துதான் என்று சொல்லிச் சிரித்தார். கல்லூரிக்குப் போகும் மகள் மாடியில் துணி காயப்போட்டால்கூட, இவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாராம்.

இத்தனைக்கும் இதுவரை ஒரு பிள்ளைகூட விழுந்ததில்லை. அதைச் சொல்லித் தேற்றப் போனால் போச்சு. "இன்னும் விழலை, அவ்வளவுதான்" என்பார். அதற்குப் பிறகு அன்று முழுக்க இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றுவார்.

குளத்தில் எட்டு முதலைகள். ஆகப் பெரியதற்கு நாங்கள் வைத்த பெயர் மாமனார். நாளெல்லாம் வாயைப் பிளந்தபடி கிடப்பார். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் எழுந்து வருவார். அவர் அசையாமல் கிடப்பதைப் பார்த்து, பொம்மை என்று பந்தயம் கட்டுபவர்கள் உண்டு. கையில் கிடைத்ததை விட்டெறிந்தும் பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டில், மூக்குக்கண்ணாடி, என் கடைத் தொப்பிகள் எல்லாம் உள்ளே போகும். நீளக் கம்பின் நுனியில் கட்டிய வலையால் அவற்றை எடுப்பதும் சுவர்க்காரர் பாடுதான்.

போன விடுமுறையில், கூட்டம் நெரிந்த ஒரு மதியம், அந்த வலையில் ஒரு சிவப்புச் செருப்பு வந்தது. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு வயதுப் பிள்ளையுடையதாக இருக்கலாம். வார் பூட்டியபடியே இருந்தது.

அவர் முகம் வெளுத்துப் போயிற்று. இன்னும் இரண்டு காவலாளிகளைக் கூப்பிட்டுக் கம்பால் துழாவச் சொல்லிவிட்டு, செருப்பைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினார். யாரையும் கேட்காமல் வெளிவாசல் கதவைச் சாத்தினார். நானும் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

சிவப்புச் செருப்பு யார் பிள்ளையுடையது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தும் யாரும் வரவில்லை. வெளியே போக நின்ற வரிசை கத்த ஆரம்பித்தது. மேலாளர் வந்து அதைவிடப் பெரிதாகக் கத்தினார். பிள்ளையைக் காணோம் என்று யாராவது புகார் சொன்னார்களா, இல்லையே, பிறகு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று கேட்டார்.

"அப்போ, பெத்தவங்களுக்கே இன்னும் தெரியலைங்க" என்றார் சுவர்க்காரர்.

மேலாளரின் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்தால் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்றார். வேலை போகட்டும் கடவுளே என்றுதானே அந்த நேரத்தில் வேண்டிக்கொள்ள முடியும்? அவரும் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வரிசைக்குள் நுழைந்தார்.

யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. குனிந்து குனிந்து கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். திட்டினார்கள், ஒருவர் தள்ளியும் விட்டார். அதெல்லாம் அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை.

வரிசையின் கடைசியில் ஓர் ஆள் நின்றிருந்தான். அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்த பெண் குழந்தையைத் துண்டால் போர்த்தியிருந்தான். சுவர்க்காரர் துண்டை மெல்ல விலக்கினார். ஒரு காலில் சிவப்புச் செருப்பு. மறுகால் வெறுங்கால்.

"அது அசையவே இல்லைங்க" என்று இழுத்தான் அவன். "நிஜமா, பொம்மையான்னு பார்க்கத்தான்..."

தூங்குகிற பிள்ளையின் காலிலிருந்து உருவி எறிந்திருக்கிறான். அறிவிப்பைக் கேட்டும், திட்டுவார்களே என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே அறைந்திருப்பேன்.

சுவர்க்காரர் அவன் பக்கமே திரும்பவில்லை. கையில் அந்த வெறுங்காலை ஏந்திக்கொண்டார். உதடு அசைய, ஒவ்வொரு விரலாகத் தொட்டு, ஐந்து வரை எண்ணினார். பிறகு மறுகாலின் செருப்பையும் வார் அவிழ்த்துக் கழற்றி, அதன் விரல்களையும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.