காதுக்கும் தோளுக்கும் நடுவே

இந்தோனேசியாவின் மக்காசர் மீன் சந்தையில், மரியாதைக்கு எல்லாரும் டாயெங் சேர்த்துக் கூப்பிடும் டாயெங் கெபோவின் தலை நேராக நிற்பதைப் பார்த்தவர்கள் குறைவு. மீன் வியாபாரம் அவளுக்குத் தொழில். இரண்டு கையும் சூரையிலும் வஞ்சிரத்திலும் இருக்கும். போன் வலது காதுக்கும் தோளுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும். பக்கத்துக் கடைக்காரியான என்னோடும் அந்தச் சாய்ந்த தலையோடுதான் பேசுவாள்.

போன மழைக்காலத்தில் வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. எங்கள் ஊர் கைவைத்தியப்படி நாணய விளிம்பால் தோளைச் சிவக்கச் சிவக்கச் சுரண்டிப் பார்த்தாள். பிளாஸ்திரி ஒட்டினாள். யாரோ குதிரைக்குப் பூசும் தைலம்கூடக் கொண்டுவந்தார்கள். நாற்றத்தில் ஈக்கள்தான் ஓடின. கடைசியில் நான் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

அங்கே பிசியோதெரபி செய்யும் தென்ரி என்ற பெண் கழுத்தைத்தான் பிடித்தாள்.

"ஏம்மா, வலி தோள்ல. நீ எதுக்கு அடுத்த வீட்டுக் கதவத் தட்டுற?" என்றாள் கெபோ.

தென்ரி கழுத்தில் ஓரிடத்தை அழுத்தினாள். கெபோ துள்ளினாள்.

"இப்ப எங்க வலிச்சுது?"

"தோள்ல."

"தோளத் தொடவே இல்லையே நான். கழுத்துலேர்ந்து கெளம்புற நரம்புதான் தோளுக்குப் போகுது. போன இடுக்கிக்கிட்டு ரொம்ப நேரம் பேசுவீங்களோ?"

"வாடிக்கைக்காரங்க கூப்பிட்டா பேசாம இருக்க முடியுமா?" என்று கெபோ சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"இனிமே ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க."

மறுநாள் போன் ஐஸ் பெட்டிமேல் ஏறியது. முதலில் கூப்பிட்ட ஓட்டல்காரரிடம், "நல்ல சூரை வந்திருக்கு, ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்" என்றாள். அடுத்தவரிடமும் அதையே சொன்னாள். மூன்றாமவருக்கு அவள் வாய் திறக்குமுன் எங்கள் வரிசையே சேர்ந்து சொன்னது.

பிறகு மீன் குழம்புக் கடை டாயெங் சிலா கூப்பிட்டார். மனைவியை இழந்தவர். கெபோவும் விதவைதான்.

"வஞ்சிரம் இருக்கா?"

"இருக்கு."

"சரி, மீன விடு. எத்தன மாசமாக் கேக்குறேன். என்னக் கட்டிக்கிறியா, மாட்டியா?"

கெபோவின் கைகளில் முழங்கை வரை மீன் குடல். முழங்கையால் போனை அணைக்கப் பார்த்தாள். சத்தம்தான் கூடியது.

"நேத்தும் யோசிக்கிறேன்னுதான் சொன்ன."

ஐஸ் உடைப்பவன்கூடக் கையை நிறுத்திவிட்டான். நான்தான் எட்டிச் சொன்னேன்: "அவளுக்கு சம்மதந்தான். கழுத்து வலியில தலையாட்ட முடியல."

"யாரு பேசுறது?"

"சந்தையே பேசுது."

"அப்ப நல்லது. எல்லாரும் சாட்சி" என்றார் சிலா.

"போன வைங்க. வீட்டுக்குப் பெரியவங்கள அனுப்பி மொறையாக் கேளுங்க" என்றாள் கெபோ. சொல்லிவிட்டு, ஏற்கெனவே வெட்டிய மீனை மறுபடி வெட்டினாள்.

நோன்பு மாதம் முடிந்து கல்யாணம். அதுவரை தென்ரி சொன்னபடி கெபோ கடையில் நின்று தாடையை உள்ளே இழுத்து இழுத்துப் பயிற்சி செய்தாள். எதிர்வரிசைக்காரிகள் கோழி மாதிரி கொக்கரித்துக் காட்டினார்கள். அவள் கவலைப்படவில்லை. கல்யாணத்தன்று கொண்டையை அவளே போட்டுக்கொண்டாள். குளிர்ந்த காலைகளில் மட்டும் கழுத்து இன்னும் கொஞ்சம் முறுக்கும்.

இப்போது சிலாவே சந்தைக்கு வருகிறார். பெண்டாட்டி கடையில் விலை குறையும் என்று நம்பி வருகிறார். இன்றுவரை குறையவில்லை.