கோரமண்டலில் பேர் கூப்பிடும் ஞாயிறு

1962, மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதே காலுக்குப் பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் போகும் சின்ன ரயிலுக்குக் காத்திருந்தேன். குடியாத்தத்தில் முதல் வண்டியைப் பிடித்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கோரமண்டலுக்கு டிக்கெட் இருபது நயா பைசா. டீ பத்து பைசா. வெந்நீருக்கு அது அதிகம். தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட் நான், எதையும் குறித்துக்கொள்ளாமல் இருக்க எனக்கு வராது.

அப்பாவைத் தேடி வந்தேன் என்று சொன்னால் பொய். அவர் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். எனக்கு மூன்று வயதாகும்போது மலாயாவுக்கு, ரப்பர்த் தோட்டத்து வேலைக்குப் போனவர். யுத்தத்தில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். தோட்டத்து ஆட்களை வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டுபோய், சயாம் காட்டில் ரயில் பாதை போட வைத்தான். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை என்பார்கள். அந்தக் காட்டில் அப்பாவோடு இருந்த முனிசாமி என்பவர் இப்போது கோரமண்டல் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார் என்று போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் தெரிந்தது. கடிதம் போட்டேன். இந்த ஞாயிறு வரச் சொல்லிப் பதில் வந்தது. புறப்படும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கடைசியில அவரு பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு கேட்டுக்கினு வா. வேற எதுவும் வேணாம்."

ரயிலில் எதிரே கத்தரிக்காய்க் கூடையோடு ஓர் அம்மாள். "தங்கம் வெளையற ஊருக்கு மூக்குத்தி கூட இல்லாம போறியேமா" என்றாள்.

"அங்கேயே எடுத்துக்கலாம்னுதான்."

"எடுப்ப எடுப்ப. தோண்டறவன் பொண்டாட்டி கழுத்துலயே மஞ்சக் கயிறுதான் கீது."

பத்து மணிக்குக் கோரமண்டல். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், ஊருக்கு நடுவில் வெள்ளையாக மலை மாதிரி கிடந்தது. காற்றடித்தால் எல்லாம் கண்ணுக்குள். கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவளிடம் ஒல்லியான ஒரு மனிதர் நேரே வந்தார். "இன்னா பாப்பா, அப்பன் மூஞ்சியே வெச்சிக்கினு வந்துட்ட" என்றார். என் முகம் அப்பா முகம் என்று சொல்ல இத்தனை நாளும் ஒருவரும் இருந்ததில்லை. இவர்தான் முனிசாமி.

சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்கு அரை மைல் நடை. நடந்தபடியே முனிசாமி சொன்னார். சயாமிலிருந்து உயிரோடு வந்து, சுரங்கத்தில் சேர்ந்தவர்கள் ஆறு பேர். வருஷத்தில் ஒரு ஞாயிறு கூடுவார்கள். சுரங்கத்தில் ஷிப்டு முடிந்தால் மேலே நின்று பேர் கூப்பிடுவது வழக்கம். ஏறி வந்தவன் "வந்தாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு பேருக்குக் குரல் வராவிட்டால் தேட ஆள் இறங்கும்.

"காட்ல எங்களுக்குப் பேரே கெடயாது பாப்பா. நம்பர்தான். அதான் அங்க செத்தவங்க பேர நாங்க இங்க கூப்பிடறோம்."

"செத்தவங்களுக்கு யார் மாமா குரல் கொடுப்பாங்க?"

"உயிர் போறப்ப யாரு பக்கத்துல இருந்தானோ, அவன்."

அப்படியானால் அம்மாவின் கேள்வியை நான் வாயால் கேட்கவே வேண்டியதில்லை, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்று நினைத்தேன்.

பதினொன்றரை மணி. தகரக் கூரைக்குக் கீழே ஆறு பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். உப்புக் கஞ்சியும் கருவாடும். காட்டில் போட்ட சாப்பாடு அதுதானாம். சின்னப்பன் என்பவர் கூப்பிட்டார். கையில் காகிதம் இல்லை. முகாமில் பென்சில் வைத்திருந்தாலே அடிப்பார்களாம், எல்லாம் மனப்பாடம்.

"ராமன், பேரணாம்பட்டு."

"வந்தாச்சு."

"எல்லப்பன், ஆம்பூர்."

"வந்தாச்சு."

ஒருவரே ஏழெட்டுப் பேருக்குக் குரல் கொடுத்தார். பிறகு, "கோவிந்தன், குடியாத்தம்." என் அப்பா.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சின்னப்பன் காத்திருந்தார். முனிசாமி பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சின்னப்பன் அடுத்த பேருக்குப் போனபோது எனக்குக் கோபம்தான் வந்தது. "எங்கப்பாவுக்கு மட்டும் ஆள் இல்லியா?" என்று கேட்டேவிட்டேன்.

"வருஷா வருஷம் இப்படித்தாம்மா" என்றார் சின்னப்பன்.

முனிசாமி தலை நிமிராமல் பேசினார். "வாந்திபேதி. ரெண்டு நாளு அவன் தல என் மடியிலதான் இருந்திச்சி. மூணாம் நாளு ஜப்பான்காரன் வேற முகாமுக்கு நடன்னான். போமாட்டேன்னேன். துப்பாக்கிய நெஞ்சுல வெச்சான். கொட்டாங்குச்சில தண்ணி வெச்சிட்டு நடந்துட்டேன் பாப்பா. அப்போ உயிரு இருந்திச்சி. உயிரோட விட்டுட்டு வந்தவன் நானு, எந்த வாயால கொரல் குடுக்கறது?"

கோபம் போன இடம் தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக அப்பாவோடு இந்த மனிதரும் அந்தக் காட்டிலேயே கிடந்திருக்கிறார். அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது.

"இன்னொரு தரம் கூப்பிடுங்க" என்றேன்.

"ரெண்டாந்தரம் கூப்பிடற வழக்கம் இல்லியேமா."

"பரவாயில்ல, கூப்பிடுங்க."

"கோவிந்தன், குடியாத்தம்."

முனிசாமியின் கையைப் பிடித்தேன். காய்த்துப்போன கை. "சொல்லுங்க மாமா. எங்க அம்மா சார்பா நான் சொல்றேன். நீங்கதான் சொல்லணும்."

பக்கத்திலிருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வந்தாச்சு" என்றார். சின்னப்பன் காதில் விழவில்லை போலிருக்கிறது. முனிசாமி இன்னொரு முறை உரக்கச் சொன்னார். ஆறு பேரும் அழுதார்கள், நானும் அழுதேன். அப்புறம் கஞ்சி குடித்தோம்.

மூன்று நாற்பதுக்குத் திரும்பும் ரயில். எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போனவர்களுக்குக் கல்வெட்டு உண்டு. பாதை போடப் போனவர்களுக்கு நான் பார்த்த எந்த ஊரிலும் கல் கிடையாது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரி கூடக் கிடையாது. இங்கே இந்த ஆறு பேரின் வாய் இருக்கிறது. முனிசாமி ஸ்டேஷன் வரை வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா கேட்டா இன்னான்னு சொல்லுவ பாப்பா?"

"நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு சொல்லுவேன் மாமா."