தூதுவர்களை வரிசையில் மாட்டியவன்

ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் எங்கள் அடுக்குமாடி வீட்டு மாடிப்படிகளுக்கு இந்த வாரம் பெயின்ற் அடிக்கிறார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறினால் எனக்குத் தூதுவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். சிரிக்காதீர்கள். இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் நான் ஒஸ்லோவில் ஒரு தூதரகத்தில் வேலை பார்த்தவன். கூட்டித் துடைக்கிற வேலை. ஊருக்கு எழுதும்போது தூதரகத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

எந்த நாடு என்று கேட்காதீர்கள், பக்கத்து நாடு. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கும். சனிக்கிழமைகளில் ஒஸ்லோச் சனம் எல்லை தாண்டிப் போய் மலிவு இறைச்சி வாங்கி வரும். இவ்வளவு ஒற்றுமையைக் கட்டிக்காக்க ஒரு தூதுவர், ஒரு மாளிகை, இருபது பேர் இருந்து சாப்பிடும் மேசை! சண்டை ஓயாத நாட்டிலிருந்து ஓடிவந்த எனக்கு வயிறு எரிந்தது.

நடைக்கூடத்தில் முதல் தூதுவர் தொடக்கம் அதுவரை பதவி வகித்தவர்களின் படங்கள் தொங்கின. நம் வீடுகளில் சுவரில் படம் ஏறினால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? நானும் அப்படியே நினைத்து, பயபக்தியோடு தூசி தட்டினேன்.

ஒருமுறை பெயின்ற் அடிக்க வந்தவர்கள் படங்களை ஒரு பெட்டியிலும், சுவரில் பூட்டியிருந்த பெயர்த் தகடுகளை இன்னொரு பெட்டியிலும் போட்டுவிட்டார்கள். தகடுகளில் ஆண்டு இருந்தது, படங்களில் ஒன்றுமில்லை. எந்த முகம் யாருடையது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பதவியின் வரலாற்றில் அவ்வளவு அக்கறை! செயலாளர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீர்தானே ஒவ்வொரு நாளும் துடைக்கிறனீர். நாளைக்கு விருந்துக்குப் பழைய தூதுவர் ஒருவர் வாறார். சரியா மாட்டிவிட்டீரெண்டால் உம்மடை நிரந்தர வேலைக் கடிதத்திலை கையெழுத்து வாங்கித் தாறன்."

"உயிரோடையோ?" என்று என்னையறியாமல் தமிழில் கேட்டுவிட்டேன்.

அந்தக் கடிதம் இல்லாமல் என் மனைவிக்கு விசா இல்லை. கலியாணமாகி இரண்டு வருடம். அவள் யாழ்ப்பாணத்தில், நான் இங்கே. தொலைபேசியில் ஒரே கேள்விதான்: "கடிதம் கிடைச்சிட்டுதோ? சனம் ஒரு மாதிரிக் கதைக்குதப்பா."

மீசைக்காரர் சங்கக்கடை முகாமையாளர், நெடியவர் கணக்கு வாத்தியார் என்று தூசி தட்டும்போது நான் வரிசையாக வைத்திருந்த பட்டப்பெயர்களைக் கொண்டே வரிசை பிடித்தேன். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இருவருக்கும் மொட்டை, இருவருக்கும் தடித்த கண்ணாடி. அதில் ஒருவர்தான் நாளைக்கு வருகிறவர். சாமியைக் கும்பிட்டுவிட்டு மாட்டினேன்.

மறுநாள் கிழவர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். நாடியில் ஒரு பெரிய மச்சம். மச்சம் இருந்தது நான் மற்றப் பெயருக்கு மேலே மாட்டிய படத்தில். அவர் தன் பெயருக்கு மேலிருந்த அந்நியரை ஊன்றிப் பார்த்தார்.

"அப்ப நல்ல வடிவாய்த்தான் இருந்திருக்கிறன்" என்று திருப்தியோடு தலையாட்டினார்.

சுற்றி நின்ற ஒருவரும் மறுக்கவில்லை. இராஜதந்திரம் என்றால் அதுதான் போலும். நானும் வாய் திறக்கவில்லை. அடுத்த கிழமை கடிதம் கிடைத்தது.

மனைவி வந்தாள், பிள்ளைகள் பிறந்தார்கள். மாளிகையை விற்றுவிட்டார்கள். தூதுவர் இப்போது எங்கோ ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் இருக்கிறாராம். ஒற்றுமைக்கு ஒரு கீறலும் இல்லை. கிழவர் காலமானபோது பத்திரிகையில் படம் போட்டார்கள், தூதரகச் சுவரிலிருந்து எடுத்த படம். நாடியில் மச்சம் இல்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. முதல் தடவையாக மனைவியிடம் முழுக் கதையையும் சொன்னேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். பத்திரிகையை வாங்கி, கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கிழவரின்ரை மனுசியும் பேப்பரிலை இந்த முகத்தைப் பாத்திருப்பா, என்னப்பா?"