கார்பன் தாளில் வந்த பதில்

அறுபத்தொன்றாம் வருடம் ஜூன் மாதம், என் வேலையும் என் பெயரும் சேர்ந்தே போக இருந்தன. அப்போது நடந்தது சபையில் பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். மீதியை நானே சொல்லிவிடுகிறேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உள்ளதைச் சொல்லிவிட்டால் மூடி தேவைப்படாது.

தென்காசியில் ஒரு பஸ் கம்பெனியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். நாற்பது ஆண்கள் வேலை செய்த இடத்தில் நான் ஒருத்திதான் பெண். அப்பாவுக்கு வாதம் வந்து படுக்கையில் இருந்தார். என் வேலையை நம்பித்தான் வீடு. "ஞானம் வாய் திறக்காத பிள்ளை" என்று பாதிரியார் சொன்னதன் பேரில்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பேர் எனக்குப் பெருமை. கொஞ்சம் கூடுதலாகவே பெருமை.

முதலாளிகள் இரண்டு பேர். பெரியவர் சங்கரலிங்கம், சின்னவர் கோமதிநாயகம். சின்னவருடைய அக்காளைத்தான் பெரியவர் கட்டியிருந்தார். அந்த வருடம் கம்பெனி தள்ளாடியது. பெரியவர் யார் பேச்சையும் கேட்காமல் வாங்கிப் போட்ட மூன்று பழைய பஸ்கள் ஓடிய நேரத்தைவிட ரோட்டோரம் நின்ற நேரமே அதிகம். சின்னவர் பெர்மிட்டுக்கு மனுப் போடத் தாமதித்ததில், குற்றாலம் போகும் இரண்டு டிரிப் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. சீசனில் குற்றாலம் டிரிப் இல்லையென்றால் எங்களுக்கு வருடமே இல்லை.

சாரல் தொடங்கிய வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் பெரியவர் என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஒரு சின்னக் கடிதம் சொன்னார். கம்பெனியின் சங்கடத்துக்குத் தானே காரணம், பொறுப்பிலிருந்து விலகுகிறேன், இனி நிர்வாகத்தை மைத்துனர் கோமதிநாயகம் பார்க்கட்டும் என்று ஆறே வரி. "யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது தாயி. மீட்டிங் அன்னைக்கு நானே கொடுத்துக்கிடுதேன்" என்றார்.

மறுநாள் அதே நேரம் சின்னவர் கூப்பிட்டார். அவரும் ஒரு கடிதம் சொன்னார். குற்றாலம் டிரிப் தன்னால்தான் போயிற்று, தான் விலகுகிறேன், அத்தான் சங்கரலிங்கமே முழுப் பொறுப்பையும் ஏற்கட்டும் என்று. அவரும் சத்தியம் வாங்கிக்கொண்டார். டைப் அடிக்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒருவருக்காக ஒருவர் விலக நினைப்பது இரண்டு பேருக்குமே தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அந்த ரகசியத்தை நான் நகை மாதிரி உள்ளுக்குள் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வாரமே வதந்தி கிளம்பியது. சின்னவர் பக்கம் நின்ற மேலகரத்துக்காரர்கள் ஓட்டிய பஸ்களில், சின்னவரைப் பெரியவர் வெளியே தள்ளுகிறார் என்று பேச்சு. பெரியவர் பக்கம் நின்ற செங்கோட்டைக்காரர்கள் பஸ்களில், பெரியவரைச் சின்னவர் தள்ளுகிறார் என்று பேச்சு. கண்டக்டர்கள் டிக்கெட்டோடு சேர்த்து இதையும் கிழித்துக் கொடுத்தார்கள். ராஜினாமா கடிதம் ரெடியாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்றுகூடச் சொன்னார்கள். நாலு நாளில் குற்றாலம் பஸ் நிலையத்தில் எங்கள் டிரைவர்களுக்குள்ளேயே அடிதடி. ஒரு மத்தியானம் பூராவும் பஸ் ஓடவில்லை. அருவியில் குளித்துவிட்டு வந்த ஜனம் ஈரத்துணி மூட்டையோடு தென்காசிக்கு நடந்தது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். மற்ற கம்பெனிக்காரன் பஸ்ஸில் நிற்க இடமில்லை.

பேச்சு முதலாளிகள் காதுக்கும் போயிற்று. மற்றவர் தன்னைத் தள்ளப் பார்க்கிறார் என்று இரண்டு பேருமே நம்பிவிட்டார்கள். விலக நினைத்த இரண்டு பேரும் இப்போது மல்லுக்கு நின்றார்கள். அவரவர் கடிதத்தைக் காப்பியோடு கிழித்துப் போட்டார்கள். திங்கட்கிழமை மீட்டிங்கில் கம்பெனியை இரண்டாகப் பிரிப்பது, உனக்கு ஆறு பஸ் எனக்கு ஐந்து பஸ் என்பதுவரை வந்துவிட்டது. அக்காளும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்று கேள்விப்பட்டேன்.

ராஜினாமா என்ற சொல் வெளியே போயிருக்கிறது என்றால் யார் சொல்லியிருப்பார்கள்? இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். பெரியவர் தனியாகக் கூப்பிட்டு, "ஒன்னத் தவிர வேற ஆருக்குத் தெரியும்?" என்றார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன், அவர் மெதுவாகக் கேட்டார். சின்னவர் என் மேஜையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாய் திறந்து உண்மையைச் சொன்னால் சத்தியம் முறியும். சொன்னாலும், பார்த்தாயா, உளறுகிறவள்தான் என்பார்கள். நான் செத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதை மறைக்கவில்லை.

தினமும் அதிகாலையில் முழங்கால் போட்டேன். என் ஜெபம் ஒரே வரி. "ஆண்டவரே, இதைச் செய்தது யார் என்று எனக்குக் காட்டும்." அழுதேன், உபவாசம் இருந்தேன். உள்ளுக்குள் நாலைந்து பேரைக் குறித்தும் வைத்திருந்தேன். கணக்குப்பிள்ளை, ஒட்டுக்கேட்கும் பியூன் என்று ஒரு பட்டியல். இவர்களில் யார் என்று அவர் விரலைக் காட்டினால் போதும் எனக்கு.

சனிக்கிழமை மத்தியானம் கோயில் ஹாலில் பெண்கள் தையல் கூட்டம். பண்டிகை விற்பனைக்குத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு எஸ்தர் துணியின்மேல் கார்பன் தாளை வைத்து, அதன்மேல் படத்தை வைத்து, பென்சிலால் ரோஜாக் கொடி வரைந்துகொண்டிருந்தாள். அடித்து முடித்த கார்பன்களைக் குப்பையில் போடாமல் அவளிடம் கொடுப்பது என் வழக்கம். கர்த்தருடைய வேலைக்கு என் காணிக்கை என்று எனக்கு நினைப்பு. மழை மூட்டத்தில் வெளிச்சம் போதாமல் எஸ்தர் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கையில் கார்பன். சும்மா சொல்வதுபோல் சொன்னாள்:

"எக்கா, எந் தம்பி இத வெளிச்சத்துல புடிச்சு இங்கிலீஷ் படிக்கான். அரைகுறையா வாசிச்சிட்டு, பெரிய சேதி இருக்குன்னு சொல்லுதான். அதுல படிக்க என்னக்கா இருக்கு?"

அவள் தம்பி செல்வராஜ் எங்கள் கம்பெனியில் கண்டக்டர்.

கார்பனை வாங்கி ஜன்னலில் பிடித்தேன். கறுப்புக்குள் எழுத்தெழுத்தாக வெளிச்சம். நான் அடித்த வரிகள். முதல் கடிதம் பாதித் தாளுக்குத்தான் இருந்தது. மீதிப் பாதி வீணாகக் கூடாது என்று மறுநாள் அதே கார்பனைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது நான்தான். ஒரு பக்கம் பிடித்தால் பெரியவர் விலகுகிறார். திருப்பிப் பிடித்தால் சின்னவர் விலகுகிறார். யாரும் யாரையும் தள்ளவில்லை என்பதைப் படிக்க செல்வராஜின் இங்கிலீஷ் போதவில்லை. இரண்டு வதந்திக்கும் ஒரே தாய், இந்த ஒரே தாள்.

யார் என்று கேட்டேன். காட்டிவிட்டார்.  அந்த ஹாலில் பதினைந்து பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அங்கே நானும் அவரும் மட்டும் இருந்தது போல் இருந்தது. அவ்வளவு பக்கத்தில் அவரை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

உண்மையைச் சொல்கிறேன், கார்பனை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. போட்டிருந்தால் ஒரு நிமிஷம். எஸ்தருக்கு இங்கிலீஷ் தெரியாது, செல்வராஜ் தானாக ஒத்துக்கொள்ள மாட்டான். ஞாயிறு முழுதும் அந்தத் தாளோடு போராடினேன். பழிக்குக் காரணம் நானே என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். குளறும் நாக்கால் அவர், "கேட்டேல்லா... பதில் வந்துட்டுல்லா... பெறகென்ன?" என்றார்.

திங்கட்கிழமை மீட்டிங் தொடங்குமுன் இரண்டு பேரும் மேஜையின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போய், "வதந்திக்குக் காரணம் நான்தான். என் வாய் இல்லை, என் கை" என்று ஆரம்பித்து, கார்பன் வெளியே போனதையும் என் ஜெபத்தையும் சொன்னேன். "இதில் உள்ளதை நான் சொல்ல மாட்டேன், சத்தியம் செய்திருக்கிறேன். நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள்" என்று கார்பனை நீட்டினேன்.

பெரியவர் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். மூன்று நாளாக வெயிலே இல்லை. அறை இருட்டு. "ஒண்ணுந் தெரியலியே. பூவும் கொடியுமால்லா இருக்கு" என்றார். எனக்கு உயிர் போயிற்று. ஆண்டவரே, இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு இப்படி விடுவீரா என்று மனசுக்குள் கத்தினேன்.

சபையாரே, அப்போது வெயில் வந்தது. வெளியே சாரல் நிற்கவில்லை. சாரலோடேயே வெயில். ஜன்னல் வழியாக மேஜையில் விழுந்தது. சீசனில் இது சகஜம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் அந்த நேரம் யார் கையில் இருந்தது என்று மட்டும் கேட்பேன்.

பெரியவர் தாளைத் தூக்கிப் பிடித்தார். சின்னவர் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். ஒரு பக்கம் வாசித்தார்கள். திருப்பிப் பிடித்து மறுபக்கம் வாசித்தார்கள். இரண்டு கடிதத்துக்கும் குறுக்கே எஸ்தரின் ரோஜாக் கொடி ஓடியது. 

"மாப்ளே, நீரு இத எப்ப எழுதுனீரு?"

"நீங்க எழுதுனதுக்கு மறுநாத்தான் அத்தான்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சின்னவர் குனிந்து அவர் காலைத் தொட்டார். நான் அந்த அறையில் நிற்கத் தகுதியில்லாதவள் போல் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தேவன் வந்து நின்ற இடத்தில் அப்படித்தான் நிற்க முடியும்.

கம்பெனி பிரியவில்லை. இரண்டு பேரும் வாசலில் ஒன்றாக நின்று டிரைவர்களிடம் பேசினார்கள். மறுநாள் எல்லா பஸ்ஸும் ஓடியது. பழைய பஸ்களை விற்றுத் தள்ளிவிட்டார்கள். குற்றாலம் டிரிப்பில் ஒன்று அடுத்த சீசனில் திரும்பி வந்தது. என்னை வேலையிலிருந்து நீக்கிவிடுங்கள் என்று நானே சொன்னேன். பெரியவர் நெற்றியில் திருநீறோடு சிரித்தார். "ஒங்க சாமிட்ட ஆளக் காட்டச் சொன்னே. அவரு ஒன்னையே மாட்டிவிட்டுட்டாருல்லா! அப்படிப்பட்ட சாமியக் கும்பிடுத பிள்ளைய நான் எங்க போயித் தேடுவேன்? போயி வேலையப் பாரு. கார்பன மட்டும் இனிமே நீயே எரிச்சிரு" என்றார்.

அதற்குப் பிறகு பல சீசன் போய்விட்டது. வாய் திறக்காத பிள்ளை என்ற பெருமை என்னைவிட்டுப் போயிற்று, நல்லவேளை போயிற்று. கணக்குப்பிள்ளையிடமும் பியூனிடமும் மன்னிப்புக் கேட்டேன். நான் தங்களைச் சந்தேகப்பட்டதே அவர்களுக்குத் தெரியாது, பாவம், முழித்தார்கள்.

உங்களில் யாராவது இன்று அநியாயமாகப் பழி சுமந்து அழுதுகொண்டிருக்கலாம். அவரிடம் கேளுங்கள், பயப்படாமல் கேளுங்கள். நிச்சயம் காட்டுவார். ஆனால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். என் பட்டியலில் இல்லாத ஒரே பெயர் என்னுடையது. அவர் அதைத்தான் சொன்னார்; அதைச் சொல்லித்தான் எங்கள் எல்லாரையும் காப்பாற்றினார்.