வெளியில் பார்த்தால்

கணவன் எய்ட்ஸில் செத்துப்போய், தனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தபின், தையல்காரி அமுதவல்லிக்கு வாய்விட்டுப் பேசக் கிடைத்த ஒரே இடம் உப்பளம் பகுதியில் நடக்கும் சனிக்கிழமைக் கூட்டம். அங்கே வரும் பெண்கள் எல்லோருக்கும் அதே நோய். வெளியில் பார்த்தால் யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டக்கூடாது என்பது அவர்களே வைத்த சட்டம். கூட்டத்தில் தன் மடியில் படுத்து அழும் ஸ்டெல்லாமேரியை மார்க்கெட்டில் பார்க்காததுபோல் அமுதவல்லி கடந்துபோவாள்.

2006இல் ஸ்டெல்லாமேரி செத்துப்போனாள். குருசுக்குப்பத்துச் சாவு வீட்டுக்கு வந்த அமுதவல்லியிடம் ஸ்டெல்லாமேரியின் நாத்தனார் கேட்டாள்:

"நீங்க யாருங்க?"

"இந்தப் பக்கமா போய்க்கினு இருந்தேன். சாவுன்னாங்க, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பெட்டிக்குள் கிடந்தவள் போட்டிருந்தது அமுதவல்லி தைத்த ஜாக்கெட். ஆள் இளைக்க இளைக்க மூன்று முறை பிடித்துக் கொடுத்தது. இப்போதும் தோளில் தொளதொளவென்று கிடந்தது. அதைச் சரிசெய்ய நீட்டிய தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வழியில் போகிறவளாகவே வெளியே வந்தாள்.